சுவிசிலை மலை பாக்கப் போற கதை

என்ரை மனுசன் ஒஸ்லோவிலை ரக்சி ஓடுறவர். "ரெண்டு நாளைக்கெண்டாலும் கார்ச் சத்தம் கேக்காத இடத்திலை இருக்கவேணும்" எண்டு கன நாளாச் சொல்லிக்கொண்டிருந்தவர். அதுதான் சுவிசிலை, கார் போகாத ஒரு மலைக் கிராமத்திலை ரெண்டு இரவுக்கு அறை போட்டனாங்கள். அந்தக் கிராமத்துப் படத்தைத்தான் நேற்று இந்தப் பக்கத்திலை போட்டனான்.

இண்டைக்குக் காலமை ஹவுகெட்டோ ஸ்ரேசனிலை ரெயினுக்கு நிக்கேக்கை, சூரிச்சிலை இருக்கிற மாமி ரெலிபோன் எடுத்தா.

"பிள்ளை, மோள் படத்தைக் காட்டினவள். இஞ்சாலை வாறியளாம். உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தை மாமி? சும்மா மலை பாக்கத்தான் வாறம்."

"சும்மாவோ?"

மாமி நம்பேல்லை. அவவிலை பிழையுமில்லை. நாங்கள் இதுவரைக்கும் நாலு தரம் சுவிசுக்குப் போயிருக்கிறம். நாலும் செத்தவீடு. சுடலைக்குப் போற வழியிலை கார்க் கண்ணாடிக்குள்ளாலை தூரத்திலை வெள்ளையாத் தெரிஞ்சதுதான் நாங்கள் கண்ட மலை.

மாமி சொன்னா:

"மாமாவுக்குக் கான்சர் எண்டு தெரிஞ்சுதான் வாறியளாக்கும் எண்டு நினைச்சன். நாங்கள் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ரெயின் வந்தது. நான் ஏறேல்லை.

"ஓம் மாமி, மாமாவைப் பாக்கத்தான் வாறம்" எண்டன்.

இவருக்குச் சொன்னன். ஹொட்டேலுக்கு எடுத்து அறையை வேண்டாம் எண்டு சொல்லிட்டு, ரக்சியைக் கொண்டு வெளிக்கிட்டிட்டார். பிளேன் ரிக்கெட் அப்பிடியே இருக்கு. சொந்தக்காரர் ஆருக்கும் தெரியாத மாதிரித்தான் இதைப் போடுறன்.

சுவிசுக்குப் போய் மலை பாத்த எங்கடை ஆக்கள் ஆராவது இருந்தால், கீழை ஒரு படம் போடுங்கோ. செத்தவீட்டுப் படங்கள் எங்களிட்டையே கிடக்கு.