கலியபெருமாள் மிச்சம் பிடித்த தண்ணீர்

கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கலியபெருமாள் அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா போன் செய்தபோது நான் டைல்ஸைத் தரம் பிரிக்கும் மேசையில் நின்றிருந்தேன். "அவரு போயிட்டாரும்மா. கம்பெனியில சொல்லிடு," என்றார். அழவில்லை. மாதக்கணக்கில் அழுது முடித்திருந்தார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். எழுந்து நின்று வருத்தப்பட்டார். உட்காருவதற்குள், "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, அவரப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. தண்ணி மிச்சம் பண்ணத எழுதுங்க, நோய் நொடியெல்லாம் வேணாம்," என்றார். சரி, தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

கோரிமேட்டை அடுத்த மேட்டுப்பாளையத்தில் உள்ள எங்கள் டைல்ஸ் தொழிற்சாலையில் கலியபெருமாள் அண்ணன் மெருகுப் பிரிவின் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வரும் டைல்ஸைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் ஓரம் சீவி அளவாக்குவதும் அங்கே வேலை. சூடேறாமலும் தூள் பறக்காமலும் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனையும் போர்வெல்லில் எடுத்த நல்ல தண்ணீர், சேறாகிச் சாக்கடைக்குப் போகும். அண்ணனுக்கு ஊர் கடலோரப் பிள்ளைச்சாவடி. அவர் வீட்டு அடிபம்பில் உப்பு ஏறிவிட்டிருந்தது. "என் வீட்டுல சோறு வடிக்கத் தண்ணி இல்ல, இங்க கல்லக் குளிப்பாட்டினு இருக்கோம்," என்று கத்துவார். கோபக்காரர். குழாயை ஒழுக விட்டவர்களை அவர் திட்டுவது கேன்டீன் வரை கேட்கும்.

சேற்றுத் தண்ணீரைத் தொட்டிகளில் தெளியவிட்டு மறுபடி மெஷினுக்கே அனுப்பினார். முதலில் சரியாகத் தெளியாமல் டைல்ஸில் கீறல் விழுந்தது. என் மேசையில் கழிவு குவிந்தது, நான் சண்டைக்குப் போனேன். "இன்னொரு தொட்டி சேத்துப் பாக்குறேன், பொறுத்துக்கம்மா," என்றார். சேர்த்தார், கீறல் நின்றது. போர்வெல் மோட்டாருக்கு ஓய்வு கிடைத்தது, முதலாளிக்குக் கரண்டு பில்லும் குறைந்தது. முதலாளி போர்த்திய பொன்னாடையை அண்ணன் ஷிஃப்ட் முடியும்வரை தோளிலிருந்து எடுக்கவில்லை.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவுமாம். தண்ணீரே வேண்டாத ஓரம் சீவும் மெஷின் ஒன்றை முதலாளி வாங்கினார். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தவர் அண்ணன்தான். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. தூசியை உறிஞ்சும் கருவி அடுத்த லோடில் வரும் என்றார்கள், நம்பினார். அந்த லோடு இன்றுவரை வரவில்லை. மாவு மில் போலப் பிரிவே வெளுத்துப்போனது. எங்களுக்குத் துணி மாஸ்க் கொடுத்தார்கள்.

அண்ணன் ஆபீஸுக்குள் போய்க் கேட்டது வெளியே எங்களுக்குக் கேட்டது. "தண்ணியக் கொறைக்கத்தான் சார் சொன்னேன். ஆளுங்க மூச்சையா கொறைக்கச் சொன்னேன்?" கருவிக்கு ஆர்டர் போட்டாயிற்று என்று பதில் வந்தது. அதுவரை வேறு யாரையும் அந்த மெஷினில் நிற்க விடமாட்டேன் என்று அவரே நின்றார். "நான் தேங்கா ஒடச்ச மெஷினு. நானே பாத்துக்குறேன்." பிடிவாதத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. இருமல் வந்தது, உடம்பு இளைத்தது, பிறகு படி ஏற முடியவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கல் உடைக்கிற வேலையா என்று டாக்டர் கேட்டாராம்.

சாவுக்கு முதலாளி பெரிய மாலையோடு வந்தார். தொழிற்சாலையில் 'நீர் காத்த நல்லவர்' என்று பேனர் கட்டி, அவர் படத்தை அந்த மெஷினுக்கு எதிரிலேயே மாட்டினார்கள். ஒரு நிமிடம் மௌனம். மேனேஜர் தலையாட்டினார், மெஷின் ஓடத் தொடங்கியது.

எங்களில் யாரும் அதில் நிற்க மாட்டோம் என்றதும் கான்ட்ராக்டில் இரண்டு வடநாட்டு ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பேனரைப் படிக்கத் தெரியாது. டீ நேரத்தில் ஒருவர் படத்தைக் காட்டி, யார் என்பதுபோல் கையை விரித்தார். எனக்கு இந்தி வராது. படத்தைக் காட்டினேன், மெஷினைக் காட்டினேன். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கலியபெருமாள் அண்ணன் கடைசியில் இருமிய மாதிரி இருமிக் காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் அவர்கள் வரவில்லை. வேறு இருவர் வந்திருக்கிறார்கள்.

போய் வாருங்கள் அண்ணே. நாளை டீ நேரத்தில் இவர்களுக்கும் இருமிக் காட்டுவேன்.