பின்சீட்டில் வளர்ந்த சிறகுநாகம்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பேர் 'பின்சீட்டு'. யார் வைத்தார்கள் என்று தெரியாது. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும், அவ்வளவு பொருத்தம். அப்பா அந்தப் பள்ளியில் பயிற்சியாளர். காலை நேரங்களில் கற்றுக்கொள்கிறவர் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பார். அப்பா அவர் பக்கத்தில், காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின்மேல் செருப்பை வைத்தபடி. இவள் பின்சீட்டின் மூலையில் கைப்பேசியும் கையுமாக ஒண்டிக்கொண்டு, கார் ஏழெட்டு முறை அணைந்து அணைந்து கிளம்புவதற்குள் ஒரு ராஜ்யத்தைக் கவிழ்த்துவிடுவாள்.

அவள் மாயக்கதை எழுதுகிறவள். அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கே இன்னும் கூச்சம்தான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் வேதியியல் படித்தாள். படிப்பு முடிந்து, மதியத்துக்குமேல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, சுவரில் மாட்டிய எழுத்துகளை வாடிக்கையாளர்களை வாசிக்கச் சொல்லும் வேலையில் சேர்ந்தாள். "படிச்ச புள்ள, எழுத்து சம்பந்தமான வேலை" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது ஒரு வகையில் பொய்யில்லை. கல்லூரித் தோழிகளின் வீடுகளில் அலமாரி நிறையப் புத்தகம். இவள் வீட்டில் அச்சடித்த தாள் என்றால் குக்கரோடு வந்த கையேடுதான். நமக்கெல்லாம் இது எதற்கு, யார் கேட்டார்கள், என்று அவள் தன்னையே கேட்காத நாளில்லை. கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவாள். அரிப்புக்குக் காரணம் கேட்டுக்கொண்டா சொறிகிறோம்?

அந்த அரிப்பு தொற்றியது பள்ளிக்கூட நூலகத்தில். மூன்று பாகங்கள் கொண்ட ஒரு மாயக்கதையில் இரண்டாம் பாகம் மட்டும் அங்கே இருந்தது. முதல் பாகத்தை யாரோ திருப்பித் தரவில்லை. மூன்றாம் பாகத்தை நூலகம் வாங்கவே இல்லை. யார் யாருக்கு என்ன உறவு, எதற்காக இத்தனை வெட்டுக்குத்து, ஒன்றும் புரியாமல் மூச்சுவிடாமல் படித்தாள். பிறகு முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் தானே சமைக்கப் பார்த்தாள். அன்றிலிருந்து இன்றுவரை, கதை நடுவில் அவள் புலி. முடிவு வந்தால் பூனை.

இப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு சிறகுநாகத்தின் கதை. மலையளவு உடம்பும் பந்தல் அளவு சிறகும் கொண்ட அந்த நாகத்தை ஓட்டப் பழகும் ஓர் அநாதைப் பெண். அவளுக்குப் பின்னால் நாகத்தின் முதுகில் உட்கார்ந்து, வழியெல்லாம் அதட்டிக்கொண்டே வரும் ஒரு குரு. அப்பா மட்டும் ஆரம்பத்திலிருந்து அதை 'பாம்பு' என்றுதான் சொல்லுவார்.

"பாம்பு இல்லப்பா. சிறகுநாகம்."

"நாகம்னா என்னம்மா? பாம்புதான? இறக்கை வெச்சா மட்டும் சாதி மாறிடுமா?"

அவள் எழுதும் முறை விசித்திரமானது. வாயால் சொல்லிப் பார்க்காமல் ஒரு வரிகூட விரலுக்கு வராது. நிலம் அசைய வேண்டும், சன்னலுக்கு வெளியே ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், யாராவது பயந்துகொண்டிருக்க வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அந்தக் காரில்தான். அவள் முணுமுணுப்பாள்; கார் குலுங்கும்; வாக்கியம் வந்து விழும். பாத்திரங்களுக்கும் பஞ்சமில்லை. எதிரே வருகிற எல்லாரையும் திட்டிக்கொண்டே ஓட்டப் பழகிய வங்கி மேலாளர் எரிமலை அரக்கனானார். புறாவுக்கெல்லாம் பிரேக் போட்ட பல் மருத்துவர், எறும்பை மிதிக்காமல் நடக்கும் முனிவரானார். குருவுக்கு மட்டும் அவள் வெளியே போய்த் தேடவில்லை.

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிய முதல் அத்தியாயங்கள் பிடித்துப்போய், எடிட்டரம்மா ஒருவர் தொலைபேசியில் பேசினார். எல்லாம் நன்றாயிருக்கிறது, ஒரே ஒரு சந்தேகம் என்றார்.

"உங்க குரு எல்லா அத்தியாயத்திலும் 'கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு'ங்கறாரே, சிறகுநாகத்துக்குக் கண்ணாடி எங்கம்மா இருக்கு?"

அன்றைக்கே நாகத்தின் இரண்டு கொம்புகளிலும் பளிங்குத் தகடு பொருத்திவிட்டாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, பேக்கரி அக்கா வந்து சேரும்வரை. பேக்கரி நடத்துகிற அந்த அக்காவுக்கு மாவைப் பிசைகிற பலத்தில்தான் கியரையும் மாற்றத் தெரியும். ஆனால் கதை கேட்கிற காது. முதல் வாரத்திலேயே, "பின்சீட்டு, நேத்து விட்ட எடத்துலேருந்து சொல்லு, அப்பதான் எனக்குக் கை நடுங்காது" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் விட்டுவிட்டார். உண்மையிலேயே கை நடுங்கவில்லை.

கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், பெரிய ரவுண்டானாவை நெருங்கும்போது, நாகத்தின் மார்பில் விஷ அம்பு பாய்ந்தது. "சிறகு மடங்கியது. வானம் கைவிட்டது. அது விழுந்தது" என்று பின்சீட்டு தழுதழுத்தாள்.

"செத்துடுச்சா?" என்று பேக்கரி அக்கா உடம்பு முழுவதையும் பின்பக்கம் திருப்பிக் கேட்டார். கையும் கூடவே திரும்பியது.

"ரோடு! ரோடு!" என்று அப்பா பிரேக்கை மிதித்தார். கார் ரவுண்டானாவின் புல்வெளியில் ஏறி, 'பூக்களைப் பறிக்காதீர்கள்' என்ற பலகையைச் சாய்த்து, சாமந்திகளுக்கு நடுவில் சாவகாசமாக நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. போக்குவரத்துக் காவலர் மெல்ல நடந்து வந்து குனிந்து பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் அக்கா, அவரைக் கையமர்த்திவிட்டு. "சொல்லுடி, செத்துடுச்சா இல்லையா?"

அந்தக் கோலத்தை யாரோ படம்பிடித்தார்கள். காரின் நெற்றியில் பள்ளியின் பேர் பெரிதாக எழுதியிருந்தது. மாலைக்குள் படம் முதலாளியின் கைப்பேசிக்கு வந்துவிட்டது. "இனிமே வண்டியில கத்துக்கிறவங்களும் கத்துக்கொடுக்கிறவரும் மட்டும்தான். மூணாவதா ஒரு தலை தெரிஞ்சா உங்களையும் சேர்த்து இறக்கிடுவேன்" என்றார் அப்பாவிடம்.

ஆக, பின்சீட்டுக்குப் பின்சீட்டு போனது. நேரம் பார்த்து எடிட்டரம்மாவும் அழைத்தார்.

"கடைசி அத்தியாயம் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாகணும்மா. இல்லைன்னா இந்த வருஷம் உங்க புத்தகம் இல்லை. அடுத்த வருஷம் நானே இங்க இருப்பேனான்னு சொல்ல முடியாது."

திட்டம் தெளிவாகத்தான் இருந்தது. விஷ அம்பிலிருந்து நாகம் பிழைத்துவிடும். ஆனால் சாம்பல் மலைச் சரிவில் குரு கால் தவறி விழுந்து சாக வேண்டும். அவர் செத்தால்தான் அந்தப் பெண் தனியாகப் பறப்பாள். மாயக்கதைகளில் குருக்கள் சாவதற்கென்றே பிறக்கிறார்கள். அவள் படித்த இரண்டாம் பாகத்திலேயே மூன்று பேர் செத்தார்கள். உட்கார்ந்து எழுத வேண்டியதுதான் பாக்கி. உட்கார்ந்தாள். அம்மி நகர்ந்தாலும் நகரும், அந்த வரி நகரவில்லை. எல்லாம் கார் இல்லாத குறை என்று நினைத்தாள். நூலகத்துக்குப் போனாள், அங்கே அவள் முணுமுணுத்ததும் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேருந்தில் ஏறினாள், பக்கத்தில் இருந்த பெரியவர், "யாருகிட்டம்மா பேசறே?" என்று இடம் மாறி உட்கார்ந்தார். கடைசியில் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் பிழியும் நேரம் பார்த்து அதன்மேல் ஏறி அமர்ந்தாள். நல்ல அதிர்வு.

"இறங்குடி!" என்று அம்மா ஓடிவந்தாள். "துணி சுத்துதா, உனக்குத் தலை சுத்துதா?"

"எழுதறேம்மா."

"எழுதறவங்க நாற்காலியில உக்காருவாங்க. ஏங்க, உங்க மகளை வந்து பாருங்க, அடுத்து ஃபேனுமேல ஏறி உக்காருவா போல."

அப்பா வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தார்.

"முதலாளி என்ன சொன்னாரு? வண்டியில கத்துக்கிறவங்க மட்டும்தான்."

"ஆமா."

"அப்ப கத்துக்கோ."

ஏழு கடலுக்குமேல் நாகம் ஓட்டுகிறவளைப் படைத்தவளுக்கு இரண்டாவது கியர் என்றாலே பயம். ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் வீட்டுப் பெண், இதுவரை ஸ்டீரிங்கைத் துடைக்கக்கூடத் தொட்டதில்லை. வேறு வழியில்லாமல் மறுநாள் காலை முன்னிருக்கையில் ஏறினாள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு முன்னால் செருகிவைத்தாள்.

"இருக்கையைச் சரிபண்ணிக்கங்கம்மா. பெல்ட்டைப் போடுங்க. கிளட்சை முழுசா மிதிங்க" என்றார் அப்பா.

"என்னப்பா, நீங்க நாங்கன்னு?"

"ஸ்டீரிங் பிடிச்ச எல்லாருக்கும் மரியாதை உண்டு. மரியாதை குறைஞ்சா பயம் வரும். கண்ணாடியைப் பாருங்க."

அன்றைய பதிவில் கதை ஒரு வார்த்தைகூட இல்லை. "ஐயோ", "அப்பா", "லாரிப்பா" என்ற மூன்று சொற்கள்தான் மாறி மாறி வந்தன. மறுநாளும் அதே கதிதான், ஒரு பசுமாடு மட்டும் கூடுதல். வெள்ளிக்கிழமையும் விடிந்தது.

அன்றைக்கு அப்பா காரை மேம்பாலத்துக்கு விடச் சொன்னார். பாதி ஏற்றத்தில் நெரிசல். முன்னால் எல்லாம் நின்றது; இவளும் நின்றாள். பின்னால் ஒரு தண்ணீர் லாரி முட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. முன்வண்டி நகர்ந்ததும் இவள் கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்து, பின்னால் வழுக்கியது. அப்பா பிரேக்கை மிதித்தார். மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடியும் அதே. லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"எனக்கு வராதுப்பா. எழுதவும் வராது, இதுவும் வராது. நான் இறங்கிடறேன்."

"பாலத்து நடுவுல எங்க இறங்குவீங்க? மூச்சை விட்டுட்டு, கிளட்சை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் அப்பா. பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "அந்தப் பாம்பு இப்ப எங்க நிக்குது?" என்றார்.

"சாம்பல் மலைச் சரிவுல."

"ஏன் நிக்குது?"

அவள் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்கதான் குரு சாகணும்."

அப்பா தாடையைச் சொறிந்தார். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இத்தனை நாள் காரில்லாததாலா அந்த வரி வரவில்லை? 'குரு' என்று வாயால் சொல்லும்போதெல்லாம் கண்முன்னே வந்தது இந்தத் தாடையும் இந்தச் செருப்பும்தானே.

"எப்படிச் சாகறாரு?" என்றார் அப்பா.

"சரிவுல... வழுக்கி விழுந்து."

"என்னது?" அப்பா முழுசாகத் திரும்பினார். "வழுக்கியா? அவரா? சரிவுலயா?"

"கதைப்பா..."

"சாகறது வேற விஷயம். மனுஷன்னா சாவான். ஆனா சரிவுல வழுக்கிச் சாவானா அவன்? முப்பது அத்தியாயமா ஊருக்கே சொல்லிக்கொடுத்துட்டு, ஹேண்ட்பிரேக் போடாம நின்னானா? வெளிய சொன்னா வெக்கக்கேடு!"

"ஆனைக்கும் அடி சறுக்கும்பா!"

"ஆனைக்குக் கிளட்ச் கிடையாது!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கிற உடம்பு இறுகியிருக்காது. கால் தானாக இளகி கிளட்ச் மெல்ல மேலே வந்தது. கார் ஓர் உறுமலோடு முன்னால் நகர்ந்து ஏற்றத்தில் ஏறியது. இவள் அதைக் கவனிக்கவே இல்லை, சண்டை அப்படி.

"அப்ப எப்படித்தான் சாகறது?"

"போர்ல சாகட்டும். வண்டியை ஒழுங்கா ஓரமா நிறுத்திட்டு, இறங்கிச் சண்டை போட்டுச் சாகட்டும். ரெண்டாவது கியர் போடுங்க."

இரண்டாவது கியர் போட்டாள். முதல் முயற்சியிலேயே கியர் விழுந்தது. ஓரமா நிறுத்திட்டு, இறங்கி... அந்த வார்த்தை மனசில் சிக்கிக்கொண்டது. அப்பாவிடம் ஓட்டப் பழகியவர்கள் எல்லாருக்கும் கடைசி நாள் ஒன்று உண்டு. யாராவது சரியாக ஓட்டத் தொடங்கியதும் அப்பா அவரைப் பாராட்டவோ கைகுலுக்கவோ மாட்டார். காரை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கி, அடுத்த ஆள் காத்திருக்கிற பக்கம் நடந்துவிடுவார். இதை அவள் எத்தனையோ முறை பின்னால் இருந்து பார்த்திருக்கிறாள்.

"சாகலப்பா," என்றாள். பாலம் இறக்கத்துக்குத் திரும்பியிருந்தது. "சரிவுல நாகத்தை நிறுத்தச் சொல்றாரு. 'இனி நீயே போ'ன்னுகூடச் சொல்லல. இறங்கி நடக்கறாரு. அவருக்கு அடுத்த ஆள் காத்திருக்கு. அவ திரும்பிப் பாக்கறா, பின்னால யாரும் இல்ல. சிறகு விரியுது..."

அதன்பின் அவள் வாய் நிற்கவில்லை. இடையிடையே 'இன்டிகேட்டர்', 'நாய்', 'மெதுவா' என்று அப்பாவின் குரல் விழுந்தது. நாகம் அரக்கனின் எரிமலையை ஒருமுறை சுற்றி வருவதற்குள் கார் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டது. பேக்கரி அக்கா தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்ப, இவள் பள்ளி அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து, பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். நாயையும் இன்டிகேட்டரையும் கவனமாக நீக்கினாள். இரண்டு வகுப்புகள் முடித்து அப்பா திரும்பியபோது அத்தியாயம் முடிந்திருந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இறங்கினவரு நேரா அடுத்த ஆள்கிட்டயா போறாரு?"

"ஆமாப்பா."

"காலையிலேருந்து கத்திக்கத்தித் தொண்டை வறண்டிருக்கும். ஒரு டீ குடிச்சிட்டுப் போகட்டுமே."

"அந்த உலகத்துல டீ கிடையாதுப்பா."

"டீ இல்லாத உலகத்துல எவன்மா வேலை பார்ப்பான்?"

கொஞ்சம் யோசித்தாள். சாம்பல் மலை அடிவாரத்தில், கொதிக்கும் கெட்டிலோடு ஒரு கடையை வைத்தாள். குரு அங்கே நின்று, கண்ணாடிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தார். பிறகுதான் நடந்தார். அந்த வரியைச் சேர்த்து, மதியத்துக்குள் அனுப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பினாள்.