காலுக்கு வைத்த ஐஸ்

கணுக்காலில் வைக்க வேண்டிய ஐஸ் எலுமிச்சை ஜூஸில் மிதப்பதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்தவள் நான். குடித்துக்கொண்டிருந்தவர்கள், என் காலைப் பார்த்துவிட்டுப் போக வந்த சொந்தக்காரர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சேர்ந்தாக வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தச் சந்தோஷத்தில் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தவள், உக்கடத்தில் பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்கித் தொலைத்தேன். கணுக்கால் மடங்கி, வீடு வந்து சேர்வதற்குள் பன் மாதிரி வீங்கிவிட்டது.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். “எலும்புல ஒண்ணுமில்லீங்க. ஐஸைத் துணியில சுத்தி அப்பப்ப கொஞ்ச நேரம் வைங்க. ரெண்டு நாள் போனா மெதுவா அசைச்சு, தாங்குற அளவுக்கு நடங்க. படுத்தே கெடந்தா இறுகிப் போயிருமுங்க.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் வீட்டுப் பூசாரி என் மாமனார். வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. “போலாமுங்க அம்மணி, கால் செரியாகட்டும், என்ன அவசரம்?” என்பார். கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம். இத்தனை மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பட்டறையிலிருந்து அலுத்து வரும் என் கணவரோ, அப்பா சொன்னாலும் தலையாட்டினார், நான் சொன்னாலும் தலையாட்டினார்.

விஷயம் சொந்தத்தில் பரவியது. வந்து பார்க்காவிட்டால் மரியாதையில்லை என்று தினமும் ஒரு கூட்டம் ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்து இறங்கியது. நான் அறைக்குள் நாலடி நடந்து பழகிக்கொண்டிருப்பேன். வாசலில் “ஏனுங்க” என்று குரல் கேட்டதும் மாமியார் ஓடி வருவார். “படுத்துக்க கண்ணு, பாக்க வந்திருக்காங்க.” படுப்பேன். வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை வீக்கத்தை அமுக்கிப் பார்ப்பார்கள். “ஐஸ் வெச்சா வாதம் புடிச்சுக்குமுங்க” என்று பயமுறுத்திவிட்டு, அதே ஐஸ் போட்ட ஜூஸை இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிப்பார்கள். எங்கள் பிரிட்ஜில் இருந்தது ஒரே ஒரு ஐஸ் தட்டு. உறைவதற்குள் கரண்ட் போகும். தப்பித் தவறி உறைந்தால் விருந்தாளி வருவார்கள். திங்கட்கிழமையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில், காலியான பால் கவரில் தண்ணீர் ஊற்றி, முடிச்சுப் போட்டு உறைய வைத்தேன். பால் கவர் ஐஸை யாரும் ஜூஸில் போட மாட்டார்கள். வீக்கம் வடியத் தொடங்கியது. போர்வைக்குள் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே, “இப்பத் தேவலைங்க” என்று எல்லோருக்கும் பதில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கொடுமுடியிலிருந்து மாமனாரின் அக்கா குடும்பத்தோடு வந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். மாமனார் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார்.

“அம்மணி, அக்கா வந்திருக்காங்க. ஜூஸ் கலக்கிக் கொண்டாங்க.”

எழுந்தேன். எலுமிச்சை பிழிந்து, தட்டில் டம்ளர்களை அடுக்கி, சமையலறையிலிருந்து முன்னறை வரைக்கும் நடந்தேன். வலித்தது, ஆனால் கால் தாங்கியது. யாரும் கவனிக்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டே மாமனார் தன் அக்காவிடம் சொன்னார்: “பாவமுங்க, எந்திரிக்கவே முடியறதில்லை. அதான் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமுன்னு...”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மாமா, இந்தத் தட்டை யாருங்க கொண்டாந்தாங்க?” என்று கேட்டேன்.

அந்த அக்கா என் காலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

“ஏந்தம்பி, ஜூஸ் கொண்டார நடக்கற காலு பஸ் ஏற நடக்காதா? காலைல கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி உடு.”

“செரிங்க அக்கா” என்றார் மாமனார். அக்கா பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசியதே இல்லை.

மறுநாள் விடிந்ததும் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர்தான். “பாத்து வாங்க அம்மணி, மெதுவா வாங்க” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் சொல்லியும் நான் நடந்து காட்டியும் ஆகாதது, அக்காவின் ஒரு வார்த்தையில் ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கு அழுகை வந்தது, அதுவும் கோபத்தில்.