நானும் கண்மூடிதான்

எங்கள் குழுவில் அவருக்குப் பெயர் காதண்ணன். ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, பின்னால் போகிற பஸ் எந்த டிப்போவுடையது, என்ன எஞ்சின், எத்தனை வருடம் ஓடியது என்று சொல்லிவிடுவார். சில சமயம் ஓட்டுகிறவரையும் சொல்வார். இது மீசைக்காரர் கை, ரெண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போக அவருக்குத்தான் இவ்வளவு நேரம் ஆகும் என்பார். திரும்பிப் பார்த்தால் மீசைக்காரர்தான் போய்க்கொண்டிருப்பார்.

பிழைப்புக்கு அவர் ஓட்டியது பள்ளிக்கூட வேன். பதினோரு வருடம், பதினெட்டு வீடு, ஒரு விபத்து கிடையாது. வேனில் இருந்த ஒரே ஒரு நசுங்கலும், நிறுத்தி வைத்திருந்தபோது யாரோ ஸ்கூட்டரில் வந்து முட்டியது. பின்சீட்டில் ஒரு பிள்ளைக்கு வாந்தி வரப்போவதை அதன் மூச்சு மாறுவதிலேயே கண்டுபிடித்து ஓரம்கட்டிவிடுவார். அந்த வேனில் கடைசியாக ஏறுவது ஏழாவது படிக்கிற அவருடைய மகள். அப்பாவுக்குப் பக்கத்து சீட் அவளுக்கு என்று எழுதாத சட்டம்.

எங்கள் குழுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்குச் சினிமா, எங்களுக்குப் பஸ். அவ்வளவுதான் விஷயம். ஒரு கணக்கு வாத்தியார், ஒரு நர்ஸக்கா, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எங்கள் செயலாளர், என்னைப் போல் கல்லூரியில் படிப்பவர்கள் கொஞ்சம் பேர் என்று மொத்தம் அறுபது பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேம்பாலத்துக்குக் கீழே கூடுவோம். படம் எடுப்போம், சத்தத்தைப் பதிவு செய்வோம், புது வண்டி வந்தால் அதன் ஜன்னல் கம்பி வரைக்கும் சண்டை போடுவோம்.

எங்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தொடர்ந்து பத்து பஸ்ஸைச் சரியாகச் சொல்லிவிட்டால் 'கண்மூடி' என்று பட்டம். அந்தச் சொல்லுக்கு வெளியே என்ன அர்த்தம் என்று தெரியாமல் வைத்த பெயர் இல்லை. விபத்துச் செய்தியில் தினமும் 'கண்மூடித்தனமாக ஓட்டி' என்று வருகிறதே, அந்தக் கிண்டலுக்காகத்தான் வைத்தார்கள். பல வருடம் புழங்கிப் புழங்கி, அந்த இன்னொரு அர்த்தம் எங்கள் காதில் விழுவதே நின்றுபோய்விட்டது. எங்களுக்குக் கண்மூடி என்றால் மெடல். அறுபது பேரில் மூன்று பேருக்குத்தான் அது கிடைத்திருந்தது. முதல் ஆள் காதண்ணன். ஜெராக்ஸ் அண்ணன் மஞ்சள் வட்டத்தில் 'கண்மூடி' என்று ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். காதண்ணன் அதை வேனில் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்தார். எங்களில் ஒருத்தருக்குக்கூட அது தப்பான இடம் என்று தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டிவியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வித்தியாசமான பொழுதுபோக்குகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி என்றாள். அவ்வளவு மரியாதை, அவ்வளவு பொறுமை. எங்கள் பேச்சை இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்ட வெளியாள் அதுவரை ஒருத்தர்கூடக் கிடையாது. நாலு மணி நேரம் இருந்தாள். ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு பேசினோம். காதண்ணன் கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடுவதை எடுத்தாள். பிறகு அவர் வேலையையும் காட்டலாமே என்று காலி வேனை ஓட்டச் சொல்லி எடுத்தாள். ஓட்டி முடித்து இறங்கியதும், விளையாட்டில் எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். காதண்ணன் கூச்சத்தோடு சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"கண்ணைத் திறந்து வச்சா பாதிதான்மா தெரியும். கண்ணை மூடுனாத்தான் வண்டி முழுசா தெரியும்."

நாங்கள் கை தட்டினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. காதண்ணன் வீட்டு முன்அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், அன்றைக்குச் சீக்கிரம் கேட்டுக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். தலைப்பு வந்தது: 'கண்மூடித்தனம்'. பின்னணியில் பீப்பி ஊதுவதுபோல ஒரு இசை. நாங்கள் ஓடுவதை வேகமாக ஓட்டிக் காட்டினார்கள். வாத்தியார் ஒரு பஸ்ஸின் பக்கவாட்டைத் தடவுவதை மூன்று தடவை காட்டினார்கள். தனிமையில் இருப்பவர்களுக்கு இப்படி வரும் என்று ஒரு மனநல மருத்துவர் வந்து பொதுவாக ஏதோ சொன்னார். கடைசியில் காதண்ணன் வேன் ஓட்டுகிறார். மஞ்சள் ஸ்டிக்கர் திரை முழுக்க வருகிறது. அதன் மேலேயே அவர் குரல்: கண்ணை மூடுனாத்தான் வண்டி முழுசா தெரியும். அடுத்த காட்சி, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள்.

மகள் முதலில் சிரித்தாள், அப்பா முகம் வந்ததால். பிறகு நிறுத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மா அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனார். அண்ணி டிவியை அணைத்துவிட்டு, "ஸ்டிக்கரை நாளைக்கே பிச்சுடுங்க" என்று மட்டும் சொன்னார்.

இதோடு நின்றிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். ஒருவேளைதான். ஆனால் நாங்கள் இருக்கிறோமே.

அன்றைக்கு எங்கள் குழுவில் வந்த கோபம் மாதிரி நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரத்தில் நானூறு மெசேஜ். நர்ஸக்கா ஒருத்தர்தான் சொன்னார், சும்மா இருங்கப்பா, ரெண்டு நாளில் ஊர் மறந்துவிடும் என்று. பயந்தாங்கொள்ளி என்று அவரை ஓட்டித் தள்ளினோம். காதண்ணன் ஒரே ஒரு வரி போட்டார்: "விட்டுடுங்கப்பா, எனக்கு வேன் இருந்தா போதும்." அதற்குக் கீழே நாற்பது பேர் 'உங்களை விடமாட்டோம் அண்ணே' என்று எழுதினோம். அவர் கேட்டது என்ன, நாங்கள் சொன்னது என்ன என்று இப்போது படித்தால் உடம்பு கூசுகிறது.

டிவிக்குக் கண்டனக் கடிதம் எழுதியது நான். அதில் அந்த நிகழ்ச்சியின் இணைப்பையும் வைத்து, எல்லோரும் பாருங்கள், எவ்வளவு பெரிய அநியாயம் என்று ஊர் முழுக்க அனுப்பினோம். பார்க்காதவர்களெல்லாம் எங்கள் புண்ணியத்தில் பார்த்தார்கள். எல்லோரும் வாட்ஸப்பில் எங்கள் முகப்புப் படத்தை மாற்றி 'நானும் கண்மூடிதான்' என்று போட்டுக்கொண்டோம். ஜெராக்ஸ் அண்ணன் அதையே சட்டையில் அச்சடித்தார். அதோடு அவருக்கு இன்னொரு யோசனையும் வந்தது. காதண்ணனின் திறமையை வெட்டாமல் ஒட்டாமல் முழுசாகக் காட்டினால், பார்க்கிறவர்கள் வாயை மூடிவிடுவார்கள் என்றார்.

ஞாயிறு காலையிலேயே போய்க் காதண்ணனை அழைத்தோம். மாட்டேன் என்றுதான் சொன்னார். உங்கள் வேலையைக் காப்பாற்றத்தான் அண்ணே என்று சொன்னபிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மேம்பாலத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணைக் கட்டினோம். பத்து தாண்டியது. இருபது தாண்டியது. முப்பத்தொரு பஸ். ஒன்றுகூடத் தப்பவில்லை. இருபத்தேழாவதில் இரண்டு பஸ் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார். நான் அழுதேவிட்டேன். துண்டை அவிழ்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. அதை அப்படியே போட்டோம். தலைப்பும் நாங்களே வைத்தோம்: 'பள்ளி வேன் ஓட்டுநர் – உண்மையான கண்மூடி இவர்தான்.' பெருமையாக. சத்தியமாகப் பெருமையாக.

ராத்திரிக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். எங்களுக்கு அது, கண்ணில்லாமலே இவ்வளவு தெரிகிற ஆள், கண்ணோடு எப்படி ஓட்டுவார் பாருங்கள் என்கிற சாட்சி. மற்றவர்களுக்கு அது, பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். இது எங்களில் ஒருத்தர் மண்டைக்கும் எட்டவில்லை.

திங்கட்கிழமை காலை பதினெட்டு வீட்டில் பதினொரு வீட்டுப் பிள்ளைகள் வேனுக்கு வரவில்லை. பத்து மணிக்குப் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். காதண்ணனோடு அண்ணியும் போயிருந்தார். உள்ளே நடந்ததை அண்ணிதான் பிறகு எனக்குச் சொன்னார்.

தலைமை டீச்சர் நல்ல மனுஷி. அவருடைய பேத்தியே முன்பு அந்த வேனில் வந்தவள். அவர் காதண்ணனிடம், "நீங்க எப்படி ஓட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும். என்னை நம்ப வைக்க வேண்டாம். இவங்களை நம்ப வைக்க என்கிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார்.

"பதினோரு வருஷம் இருக்கு டீச்சர்."

இரண்டு பிள்ளைகளை ஏழு வருடமாக அந்த வேனில் அனுப்புகிற ஓர் அம்மா எழுந்தார். "அண்ணா, உங்க மேல கோவம் இல்ல. ஆனா இன்னிக்கு பிள்ளைங்களை ஏத்திவிடலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதுதான் கண்ணு முன்னாடி நிக்குது. நான் என்ன பண்ண?"

அது விளையாட்டும்மா, நாற்காலியில் உட்கார்ந்து விளையாடுகிறது, வேனில் ஏறினால் நான் ரேடியோகூடப் போடமாட்டேன் என்றார் காதண்ணன். வேண்டுமானால் இப்போதே எல்லோரும் ஏறுங்கள், ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றும் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் சரி என்று எழுந்தும்விட்டார்கள். எழுந்தவர்களில் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து வெளியே பார்த்தார்.

வெளியே நாங்கள் நின்றிருந்தோம். இருபத்திரண்டு பேர். ஆதரவு தெரிவிக்க. எல்லோரும் ஒரே சட்டையில்.

அவர் சத்தமாகப் படித்தார். "நானும் கண்மூடிதான்." பிறகு அறைக்குள் திரும்பி, "இவங்கள்ல எத்தனை பேர் ரோட்டுல வண்டி ஓட்டுறாங்க?" என்றார்.

அதற்குமேல் யாரும் வேனில் ஏறவில்லை. காதண்ணன் சாவியை மேசைமேல் வைத்தார். அதில் மகள் பின்னிக் கொடுத்த நூல் கொத்து இருந்தது. அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, முடிச்சு அவிழாமல் கொஞ்ச நேரம் போராடியிருக்கிறார். அண்ணிதான் அவிழ்த்துக் கொடுத்தாராம்.

அந்த நேரத்தில் இடைவேளை மணி அடித்தது. மகள் கேட் பக்கம் வந்தாள். எங்களில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவன் நான்தான். கம்பி வழியாக என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, அந்தச் சட்டையைக் கழட்டுறீங்களா?"

மாற்றிக்கொள்ள என்னிடம் வேறு சட்டை இல்லை. சுவரோரமாகப் போய்க் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டேன். மலிவான துணி. எழுத்து இடம்வலம் மாறி அப்படியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. டிவி மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் கோபத்தையே வைத்து இன்னொரு நிகழ்ச்சி போட்டுவிட்டார்கள், எங்கள் ஆட்கள் எழுதிய வசவுகளைப் படித்துக் காட்டி. குழுவில் இப்போது முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லாம் அந்த வீடியோவைப் பார்த்து வந்தவர்கள். நர்ஸக்கா விலகிவிட்டார். காதண்ணன் யாரையும் திட்டவில்லை, ஒருநாள் சத்தமில்லாமல் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். நாலைந்து பள்ளிகளில் வேலை கேட்டாராம். அங்கே போவதற்கு முன்பே அந்த வீடியோ போயிருந்தது. இப்போது ஒரு சரக்குக் கிடங்கின் கீழ்த்தளத்தில் பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டுகிறார். ஜன்னல் கிடையாது. மேலே லாரி வந்தாலும் கேட்காதாம். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான் என்றார் அண்ணி. மகள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு நடந்து போகிறாள்.

போன வாரம் அவரைப் பார்த்தேன். மதிய ஷிப்ட் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார், விரல் நுனியெல்லாம் பசை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒன்பது மாதமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். சாப்பிட்டாச்சாண்ணே என்றுதான் வாயில் வந்தது. படிப்பு எப்படிப் போகிறது என்று அவர்தான் விசாரித்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது. விசில் அடிப்பதுபோல் மூச்சு விடுகிற அந்தப் பழைய எஞ்சின், அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஆசை தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"என்ன வண்டிண்ணே?"

அவர் பஸ் வளைவு திரும்பி வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு திரும்பி, கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்து பார்த்தார்.

"இருபத்தொண்ணு. போர்டுலதான் போட்டிருக்கே."

ஏறிப் போய்விட்டார். மீசைக்காரர்தான் ஓட்டினார். ரெண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு அதே நேரம்தான் எடுத்தது.