தையலுக்குள் வேப்பங்குச்சி

அரியலூர் டாக்டர், பெண்களின் நீண்ட காதை அறுத்து, ஆட்டுத்தோல் வைத்துத் தைக்கிறாராம். மழை பெய்தால் அந்தக் காதில் ஆட்டு வாடை அடிக்குமாம். உடையார்பாளையத்துக்கு இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர், தன் சம்பந்தி சொன்னதாகச் சொன்னார். சம்பந்திக்கு யார் சொன்னார்களோ!

இருந்தும் பெண்கள் வந்தார்கள். அது 1946. தண்டட்டி இழுத்துத் தோள்வரை இறங்கிய காது பழைய மோஸ்தராகிவிட்டது. சின்னத் தோடு போட வேண்டுமானால் பெரிய துளையை மூடித் தைக்க வேண்டும். தைப்பவர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. தைத்த இடம் சீழ் பிடிக்காமல் காப்பவர் டிரஸ்ஸர் செல்லக்கண்ணு. கொதிக்க வைக்காத கத்தரிக்கோலால் அவர் தன் நகத்தைக்கூட வெட்டமாட்டார் என்று மனைவி பூமாலை சிரிப்பாள்.

கிருமியைவிடச் சொந்தக்காரர்களுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். சுமங்கலிக்கு மூளிக்காது ஆகாதென்று மூன்றாம் நாளே எதையாவது மாட்டிவிடுவார்கள். அதனால் காதின் மேல்புறம் நூலைச் சுற்றி, அதில் அவர்களுடைய பொன்மணி ஒன்றைத் தொங்கவிட்டு அனுப்புவார்.

உடையார்பாளையத்து வீரம்மாளுக்கு அது போதவில்லை. மகன் பட்டாளத்திலிருந்து திரும்பும் மாதம் அது. தையல் போட்ட ஆறாம் நாள் மருமகள் ஜெகதாம்பாளை இழுத்துக்கொண்டு வந்தாள். இடது காது அத்திப்பழமாக வீங்கியிருந்தது. கட்டைப் பிரித்தால், தையலுக்கு நடுவே விளக்கெண்ணெய் தடவிய வேப்பங்குச்சி!

“யாரும்மா செருகினது?”

“நாந்தான். ஓட்டை தூந்துடக் கூடாதில்ல?”

“அது தூந்து போகத்தானே தையலே போட்டது!”

“அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

நடுத்தையலை வெட்டிச் சீழை வெளியேற்றாவிட்டால் காதுச்சோணை அழுகிவிடும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் தையலில் கை வைக்கக் கூடாது. டாக்டரோ திருச்சியில், மைத்துனர் வீட்டில். செல்லக்கண்ணு இருவரையும் டாக்டர் அறையில் உட்காரவைத்து, திருச்சிக்கு டிரங்க் கால் கேட்டு, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். லைன் கிடைத்தது. மணி அடித்தது. எடுப்பாரில்லை.

“அண்ணே, அவரு வர்றப்ப ஒத்தைக் காதோடயா நிப்பேன்?” என்று ஜெகதாம்பாள் அழுதாள்.

“அழாதடி. கொஞ்சம் மஞ்சளை அப்பினா...” என்று வீரம்மாளின் கை காதுக்கு நீண்டது.

செல்லக்கண்ணு ரிசீவரை அந்தக் கையில் திணித்தார். “ரெண்டு கையாலயும் புடிங்கம்மா. டாக்டர் பேசினா, செல்லக்கண்ணு கேக்காம வெட்டிட்டான்னு சொல்லிடுங்க.”

இரண்டு முறை கை கழுவினார். கத்தரிக்கோல் கொதித்துத் தயாராக இருந்தது. ஒரே வெட்டு. சீழ் வடிந்தது. ஜெகதாம்பாள் பெருமூச்சு விட்டாள். உப்பு வெந்நீரால் கழுவ ஆரம்பித்தார்.

“இன்னமும் கர்ருகர்ருங்குதே,” என்றாள் வீரம்மாள். “வச்சுடட்டுமா?”

“கட்டு போட்டு முடியற வரைக்கும் விடாதீங்க!”