நீலம் பாய்ந்த குப்பிகள்

அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துவார்கள், பரீட்சை வைப்பார்கள், பட்டம் கொடுத்து அனுப்புவார்கள். அதோடு சரி. ஆராய்ச்சி என்பதெல்லாம் வேறெங்கோ பெரிய இடத்தில், வேறு யாரோ பெரிய மனிதர்கள் செய்கிற காரியம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: கல்லூரி என்றால் ஆசிரியரும் மாணவரும் ஆராய்ச்சி செய்ய வேண்டும், அதற்கு உதவ ஓர் ஆள் வேண்டும் என்று. மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் கழுவித் துடைத்து, வாசலில் ஒரு பலகையை மாட்டி, ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியைக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் ஆராய்ச்சியக்கா ஆனாள்.

அவளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். நடந்ததை நடந்தபடி கேட்டால் அவள் மேல் கல்லெறிய யாருக்கும் கை எழும்பாது.

அவள் படித்தது வணிகவியல். தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பாள். ஆனால் கையெழுத்து இருக்கிறதே, அது முத்தைக் கோத்து வைத்தாற்போல் இருக்கும். அறிவிப்புப் பலகையாகட்டும், பட்டச் சான்றிதழாகட்டும், அவள் கை பட்டால்தான் நிறைவு. தான் எழுதிய சான்றிதழ்கள் எத்தனையோ வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

புது வேலையையும் அவள் அப்படியேதான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். பக்கத்துக் கல்லூரியில் நுண்ணோக்கி சும்மா கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்குவாள். ஓர் ஆசிரியருக்கு ஓய்வு வேளை வேண்டுமென்றால், கால அட்டவணை போடுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளைக் கண்டாலே மேஜைக்கு அடியில் ஒளியலாமா என்று பார்ப்பார் அந்த மனிதர்.

"மறுபடியும் வந்துட்டியாம்மா? போன வாரந்தானே ஒரு மத்தியானம் குடுத்தேன்?"

"அது வேதியியல் மேடத்துக்கு சார். இது சிலந்தி சாருக்கு."

"ஏன், அவரோட சிலந்தியெல்லாம் மத்தியானந்தான் வலை பின்னுமா?"

"அது எப்ப வேணா பின்னும் சார். நம்ம பசங்களுக்குத்தான் காலைல கண்ணு தெறக்காது."

அவர் சிரித்துவிடுவார். சிரித்தால் தோற்றார் என்று அர்த்தம். மத்தியானம் கிடைத்துவிடும்.

சிலந்தி சார் விலங்கியல் ஆசிரியர். ஒடிசலான உடம்பு, காதில் எப்போதும் செருகிய பென்சில். கல்லூரிக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. பாலத்துக்கு மேற்புறம் தண்ணீர் தெளிவாக வரும். பாலத்தைத் தாண்டியதும் சாயப்பட்டறைக் கழிவு கலந்துவிடும். மேலே எந்தச் சிலந்தி வாழ்கிறது, கீழே எது வாழ்கிறது, எது காணாமல் போனது, இதுதான் அவர் கேள்வி. வருஷா வருஷம் புதிதாக வருகிற மாணவர்களை அழைத்துக்கொண்டு கரையில் குனிந்தபடி நடப்பார். பிடித்த சிலந்தியை விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, அதற்குள்ளேயே ஒரு துண்டுச் சீட்டையும் போடுவார்கள். சீட்டில் எண், பிடித்த இடம், நாள், எல்லாம் பென்சிலில். குப்பிகள் அக்காவின் அறை அலமாரியில் தட்டுத் தட்டாக நின்றன. காவலாளி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவார்: "அக்கா ரூம்ல மட்டும் தெனமும் விருந்துபோல."

சாருக்கு ஒரே ஓர் ஆசைதான். அந்த ஓடையின் சிலந்திப் பட்டியல் ஓர் ஆராய்ச்சி இதழில் வர வேண்டும். அதில், பிடித்த மாணவர்கள் அத்தனை பேரின் பெயரும் இருக்க வேண்டும்.

"பட்டப்படிப்புப் பசங்க பேர யாரும்மா அச்சுல போடறாங்க? கூலி வேலைக்கு வந்தவங்க மாதிரி கடைசில ஒரு நன்றி சொல்லிட்டு விட்டுடுவாங்க. நான் போடப்போறேன். அதுவரைக்கும் இந்த நெஞ்சு தாங்கணும்."

நெஞ்சு தாங்குவதாக இல்லை. இருமல் வந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓடையும் தாங்குவதாக இல்லை. இரு கரையிலும் சிமென்ட் சுவர் எழுப்பப்போவதாகக் குச்சி நட்டு விட்டார்கள். ஆகவே கையில் இருந்ததை வைத்துப் பட்டியலை முடித்தாக வேண்டும். அலமாரியில் இருப்பதுதான் இருப்பு. இனி ஓடையிடம் போய்க் கேட்க முடியாது.

அந்த நேரம் பார்த்து அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த நேரம் பார்த்தே கல்லூரியைச் சோதித்துப் பார்க்கிற ஆய்வுக் குழுவும் வருவதாகச் சேதி வந்தது. முதல்வர் அறை அறையாகச் சுற்றி வந்தார். அலமாரியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏம்மா, இது என்ன, குப்பிக்குள்ள கோழி கிளறின மாதிரி? வர்றவங்க என்ன நெனைப்பாங்க? கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணி வையி."

இந்த இடத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஆபீஸில் வளர்ந்தவள் அவள். ஆபீஸில் பென்சிலில் எழுதியிருந்தால் அது இன்னும் முடியவில்லை என்று பொருள். அழித்துத் திருத்துவதற்காக எழுதியது. பேனா பட்டால்தான் அது முடிந்த காரியம். பாவம், சார் அவசரத்தில் பென்சிலில் கிறுக்கி வைத்திருக்கிறார், நல்ல எழுத்தில் எழுத அவருக்கு நேரம் வாய்க்கவில்லை, அவர் திரும்பி வரும்போது எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். இதில் என்ன கெட்ட எண்ணம் இருக்கிறது?

விடுமுறை நாட்களில் கல்லூரி வெறிச்சோடிக் கிடக்க, அவள் மட்டும் படிக்குக் கீழே உட்கார்ந்து, இடுக்கியால் ஒவ்வொரு சீட்டாக வெளியே எடுத்தாள். புதுக் காகிதத்தில் நீல மையால் நகல் எழுதினாள். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். மை காய்ந்ததும் உள்ளே போட்டு மூடினாள். பழைய சீட்டு குப்பைக் கூடைக்குப் போனது. சாப்பாடு கொண்டுவந்த கணவன் ஒரு குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"நம்ம கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு அழகா இல்லையேடி."

"அத நான் எழுதலையே" என்றாள்.

நகல் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிசகு அங்கே இல்லை.

குழு வந்தது. பொருளாதாரம் படித்த பெரியவர் ஒருவர் அலமாரி முன்னால் நின்று, "யாரோட கையெழுத்து இது? அச்சுப் போட்ட மாதிரி இருக்கே!" என்றார். முதல்வர் முகம் மலர்ந்தது. அன்று அவள் கால் தரையில் படவில்லை. துப்புரவு ஆட்கள் கல்லூரிக் குப்பையெல்லாம் கூட்டி மைதானத்து மூலையில் கொளுத்தினார்கள். புகை அவள் ஜன்னல் வழியாகத்தான் போனது.

சில நாள் கழித்து, மாணவிகளில் ஒருத்தி, வாயாடி என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண், அலமாரியைத் திறந்தாள். அவள் வாயடைத்து நின்றதை அந்தக் கல்லூரியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அக்கா... இங்க வாங்களேன்."

"என்னடி?"

"பாலத்துக்குக் கீழ ஓடுற தண்ணி மாதிரி இருக்குக்கா."

குப்பிகள் எல்லாம் நீலமாகக் கிடந்தன. ஸ்பிரிட் மையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்துக் குடித்துவிட்டிருந்தது. உள்ளே வெள்ளைச் சீட்டு, நீலத் தண்ணீர், கால் மடக்கிய சிலந்தி. சீட்டில் ஒரு கோடுகூட இல்லை.

"பேனாலயா எழுதினீங்க? பென்சில்தான் ஸ்பிரிட்ல கரையாதுக்கா. சார் மொத நாளே சொல்வாரே, எங்க எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

எல்லோருக்கும் சொன்னார். அக்காவுக்கு யார் சொன்னார்கள்? அவள் எந்த வகுப்பில் உட்கார்ந்தாள்? ஆராய்ச்சிக்கு உதவ ஆள் வைத்தார்களே தவிர, ஆராய்ச்சி என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சாரிடம் குறிப்பேடு இருந்தது. இன்ன எண், இன்ன இடம் என்று அதில் வரிசையாக இருந்தது. ஆனால் எந்தக் குப்பி எந்த எண் என்று சொல்ல அந்தச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. அது போனபின், அடையாளம் தெரியாத பிணங்களாய்ச் சிலந்திகள் மட்டும் மிச்சம்.

அவளே மருத்துவமனைக்குப் போனாள். வேறு யாரையும் சொல்ல விடவில்லை. கட்டிலருகே நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பழைய சீட்டு?" என்றார்.

"கொளுத்திட்டாங்க சார்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றவர் நின்றபடியே இருந்தார். சார் முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"உங்களுக்கு நான் சொல்லல."

"நான் கேட்டிருக்கணும் சார்."

"கேக்கணும்னு எப்படித் தெரியும்? சொல்லியிருக்க வேண்டியது நான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடிப்போய், தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அவள் லேசில் விடுகிறவள் இல்லை. கால அட்டவணைக்காரரையே மடக்கியவள் அல்லவா? பழைய மாணவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்தாள். ஒருவன் நடத்துனராகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தான். ஒருவன் செல்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் படிக்குக் கீழே கூடினார்கள். வீடு திரும்பியிருந்த சாரையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவரவர் பிடித்ததை அவரவர் அடையாளம் காட்டினால் போயிற்று, பட்டியல் எழுந்து உட்கார்ந்துவிடும் என்பது அவள் கணக்கு.

நடத்துனன் ஒரு குப்பியைத் தூக்கினான். "இது என்னோடது. ஒரு கால் இல்ல பாருங்க. மேற்புறம், வழுக்குப் பாறைக்கிட்ட. அன்னிக்கு நான் தண்ணிக்குள்ள விழுந்தேனே!"

"நீ எந்நாளும்தான் விழுந்த" என்றாள் குழந்தைக்காரி. "குடு இங்க. இது நான் புடிச்சது. பாலத்துக்குக் கீழ, பழைய டயருக்குள்ள இருந்துச்சு. காலு என் கையாலதான் ஒடிஞ்சுது, அதுக்கு நான் அழுதேன். சார், நெனவிருக்கா?"

"அழுதது வேற சிலந்திக்கு!"

"ஏண்டா, எனக்கு என் சிலந்தி தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார், சிரிப்பு இருமலானது. இருமி அடங்கியதும் கையை நீட்டி அந்தக் குப்பியை வாங்கினார்.

"ரெண்டு பேர்ல யார் சத்தியம் பண்றீங்க?"

நடத்துனன் அவளைப் பார்த்தான். அவள் குழந்தையைப் பார்த்தாள். யாரும் சத்தியம் செய்யவில்லை.

"நீங்க பொய் சொல்லல. ஞாபகம் பாசத்துல பொய் சொல்லுது" என்றார் சார். "மேல இருந்தத கீழ இருந்துச்சுன்னு எழுதிட்டா, அந்தக் கழிவுத் தண்ணிக்கு நாமளே நல்ல சான்றிதழ் குடுத்த மாதிரி ஆயிடும். பட்டியல் வேண்டாம், விடுங்க."

"சார், உங்க இத்தன வருஷ உழைப்பு!" என்றாள் அக்கா.

"அதனாலதாம்மா. எல்லாத்துலயும் இடம் தெரியாதுன்னு எழுதி வெச்சிடுங்க. தெரியாததத் தெரியாதுன்னு எழுதுறதும் குறிப்புதான்."

"என் கையால அத எழுத மாட்டேன் சார்."

"பிடிவாதக்காரி" என்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்து அவள் மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவள் எழுதவில்லை. எழுதிவிட்டால் எல்லாம் உண்மையாகவே முடிந்துவிடும் என்று பயந்தாள். ஓடைக் கரையில் கலவை இயந்திரம் உறுமத் தொடங்கிய மாதத்தில் சார் போய்ச் சேர்ந்தார். அவர் பெயரும் அச்சில் வரவில்லை, அந்தப் பிள்ளைகள் பெயரும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து முதல்வர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இனி இது எதுக்கு? எடத்த அடைச்சுக்கிட்டு. கொட்டிடச் சொல்லவா?"

"சொல்லிப் பாருங்க" என்றாள். முதல்வர் நீட்டிய தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

அன்று மாலை அவள் அறைக் கதவைச் சாத்தினாள். வாயாடி கூட இருந்தாள். படிப்பு முடிந்து போகவிருந்தவள், விடைபெற வந்தவள். இருவருமாக நீல ஸ்பிரிட்டைக் கொட்டிவிட்டுப் புது ஸ்பிரிட்டை நிரப்பினார்கள். அக்கா புதுச் சீட்டுகளை நறுக்கி, சாரின் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சீட்டில் அந்த முத்து முத்தான எழுத்தில் எழுதினாள்: இடம் தெரியாது. அடுத்த வரியில்: நாள் தெரியாது. அதற்குமேல் கை நகரவில்லை.

"அக்கா, இன்னொன்னு எழுதலாம்" என்றாள் வாயாடி மெதுவாக. "பிடித்தவர், இந்தக் கல்லூரி மாணவர். அது மட்டும் நமக்கு நிச்சயமாத் தெரியும்ல?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து அதையும் எழுதினாள். ஒற்றைக் கால் இல்லாத சிலந்தி கிடந்த குப்பிக்குள் அதை இடுக்கியால் இறக்கி, மூடியைத் திருகி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எழுத்து அப்படியே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த குப்பிக்குக் கையை நீட்டினாள்.