அம்மா கேட்ட படம்

என் மாமாவுக்குப் படம் எடுப்பது தொழில் அல்ல. சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கடையில் கைத்தொலைபேசி திருத்துவதுதான் அவருடைய தொழில். பகல் முழுவதும் குனிந்த தலையோடு கண்ணுக்குத் தெரியாத ஆணிகளைக் கழற்றிப் பூட்டுவார். பின்னேரம் புத்தூருக்குத் திரும்பியதும் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டுவிடுவார். சுவிஸில் இருந்து லீவுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், இனித் தனக்கு இது பழசு என்று விட்டுப்போன கமரா அது. எங்கள் ஊரில் அப்போது அதைவிடப் புதிதாக எதுவும் இருக்கவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கலியாணம் ஆகாதவர். எங்கள் வளவின் பின்பக்கத்து அறையில் இருந்தார். சாப்பாடு எங்கள் குசினியில். கலியாண வீடுகளில் படம் எடுக்க வரும்படி பலர் கேட்டும் அவர் போகவில்லை. பொம்பிளை மாப்பிள்ளையைச் சிலை மாதிரி நிறுத்தி நாடியைப் பிடித்துத் திருப்புவது தன்னால் ஆகாது என்பார். அவருக்கு வேண்டியது வேலை செய்துகொண்டிருக்கிற முகம். வெங்காயம் கிண்டுகிறவர், இறைப்பு மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர், பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போனவர். அவர்களோடு மழையைப் பற்றியும் விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டே நின்று, கமராவை அவர்கள் மறந்த நேரத்தில் பொத்தானை அமத்துவார். சிரியுங்கோ என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. எடுத்த படத்தைச் சின்னத் திரையில் காட்டும்போது பாதிப் பேருக்குக் கோபம் வரும். என்னைக் கிழவனாக்கிப் போட்டாய் என்பார்கள். ஆனால் திரும்ப ஒருமுறை காட்டச் சொல்லுவார்கள்.

முதலில் போனவர் எங்கள் பக்கத்து வளவுத் தோட்டக்காரர். பிடுங்கிய வெங்காயத்தை வரம்பில் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது மாமா எடுத்த படம் ஒன்று இருந்தது. அடுத்த மாதமே நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் அவர் போய்விட்டார். அந்த வீட்டில் அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் இல்லை. மகன்மார் மாமாவிடம் ஓடி வந்தார்கள். அடுத்த நாள் காலை சந்தியில் மின்கம்பத்துக்கும் வேலிப் பூவரசுக்கும் நடுவில் கண்ணீர் அஞ்சலி பனர் கட்டப்பட்டபோது, அதில் அந்த மனிதர் கதவளவு உயரத்தில், கையில் மண்ணோடு, இப்போதுதான் யாரோ கூப்பிட்டுத் திரும்பியவரைப்போல நின்றார். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உயிரோடை நிக்கிற மாதிரிக் கிடக்கு என்று ஊரெல்லாம் கதை. மாமாவின் படம் ஒன்றைப் பொது இடத்தில் வைத்தது அதுதான் முதல் தடவை. சாவு வீட்டுக்குப் போய்ச் சோகமாக இருந்துவிட்டு, காலை வெயிலில் ஒருதரம், சாய்ந்த வெயிலில் ஒருதரம் என்று என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பனரைப் பார்த்தார். வெளியில் காட்ட முடியாத சந்தோஷம்.

பிறகு மயிலிட்டியில் இருந்து மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிறவர், டிப்பர் லொறி அடித்துச் செத்துப்போனார். அவரையும் மாமா எடுத்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் சட்டை தைத்துக் கொடுக்கிற அக்கா ஒருவர். அவர் நீரிழிவோடு எத்தனையோ வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்ததை ஊர் அந்தக் கிழமை அடியோடு மறந்துபோனது. மூன்று பனரிலும் மாமாவின் படம் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. உவன் படம் எடுத்தால் ஆள் போயிடும் என்ற கதை சந்தியில் இருந்து குளத்தடி வரைக்கும் போனது. மாமா எடுத்தவர்களில் மிச்சம் அத்தனை பேரும் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டும் கோயில் கூட்டத்தில் சண்டை பிடித்துக்கொண்டும் நன்றாகத்தான் இருந்தார்கள். அவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கமராவைக் கண்டால் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடினார்கள். என்னோடு படித்த பிள்ளைகள் கூச்சலிட்டு வேலிக்குள் பாய்ந்தார்கள். மாமா முதலில் சிரித்தார். பிறகு முகங்களை விட்டுவிட்டுத் தும்பி, குளவிக்கூடு, சிலந்தி என்று எடுக்கத் தொடங்கினார். அதுகள் செத்தால் ஒருத்தரும் வந்து கதைக்கமாட்டினம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் அவருக்கு வயிறு நோகும்.

அம்மாவுக்கு வயிற்றுக்குள் கட்டி. எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். மாதத்தில் சில நாட்கள் அப்பா அவரைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அந்த ஊரின் பெயரை வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே சொன்னார்கள். சமையலுக்கும் உடுப்புத் தோய்க்கவும் அப்பாவின் அக்கா, என் மாமி, வந்து எங்களோடு இருந்தார். வாய்தான் கடுமையே தவிர, அம்மாவைக் குளிப்பாட்டியது, சத்தி எடுத்த பாத்திரம் கழுவியது எல்லாம் மாமிதான்.

நல்லூர்த் திருவிழாக் காலம். அம்மாவுக்கு நேர்த்தி வைத்து அப்பாவும் மாமியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர்களின் மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கையைத் தாண்டியதும் அம்மா கட்டிலில் இருந்து எழும்பினார். மஞ்சள் சேலை ஒன்றை எடுத்து உடுத்தினார். மருந்தால் கொட்டியது போக மிஞ்சியிருந்த தலைமயிரை என்னைக்கொண்டு மெதுவாக வாரிக் கட்டி, மண்டை தெரிந்த இடத்தை மல்லிகைச் சரத்தால் மறைத்தார். முகத்துக்குப் பவுடர் போட்டார். பிறகு, மாமாவைக் கமராவோடு வரச்சொல்லி என்னை அனுப்பினார்.

மாமா வெறுங்கையோடு வந்தார்.

"கமரா எங்கை?"

"பற்றறி இல்லை அக்கா."

"பொய் சொல்லாதை. காலமை கிணத்தடியிலை குளவியைப் படம் எடுத்துக்கொண்டு நிண்டனி."

மாமா நிலத்தைப் பார்த்தார். "வேண்டாம் அக்கா."

"ஊர்ச்சனம் சொல்லுறதை நீயும் நம்புறியோ?"

"சீ, நான் ஏன் நம்புறன்?"

"அப்ப எடு."

மாமா தன் அறைக்குத் திரும்பிப் போனார். கமராவை எடுத்து வந்தார்.

கிணற்றடி வாழைகளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அம்மா இருந்தார். தோளுக்குக் கீழே எடுக்கவேண்டாம், மெலிந்தது தெரியும் என்றார். நானும் நிற்கட்டுமா என்று கேட்டபோது, இது நான் மட்டும் நிக்கிற படம் பிள்ளை என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்பத்தான் எடுக்கிறார்கள், அதில் என்னைச் சேர்க்காமல் விடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"சும்மா இருங்கோ அக்கா, சிரிக்கவேண்டாம்" என்றார் மாமா.

"இல்லை. சிரிச்சபடிதான் வேணும். பாக்கிற சனம் ஐயோ பாவம் எண்டு சொல்லக்கூடாது."

மாமா எடுத்த முதல் படங்கள் கலங்கிப்போயின. ஊரை எல்லாம் எடுத்தவனுக்கு என்னை எடுக்கத் தெரியேல்லையோ என்று அம்மா பகிடி பண்ணினார். அந்தப் பகிடிக்கு அவரே சிரித்தார். மாமா அமத்தினார். அம்மா கமராவை வாங்கி, திரையைக் கையால் மறைத்து வெயிலைத் தடுத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். "இது நல்லாயிருக்கு. இதை மட்டும் வைச்சிரு. ஆக்கள் வந்து கேக்கேக்கை குடு. அதுக்கு முதல் ஒருத்தருக்கும் காட்டாதை" என்றார். என்னிடமும் அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்றார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார். கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று நானும் போய்ப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா சேலை உடுத்து நான் பார்க்கவில்லை. படுக்கை, மருந்து, சேலைன் போத்தல். மழை தொடங்கிய கார்த்திகையில், ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

மத்தியானம் போலப் பனர் அடிக்கிற பெடியன் வாசலில் வந்து நின்று, படம் தாங்கோ என்று கேட்டான். எங்கள் வீட்டிலும் அடையாள அட்டைப் படத்தைத் தவிர அம்மாவின் படம் என்று வேறு இல்லை. கலியாண அல்பம் இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. அப்பா அலுமாரியைக் கிளறிக்கொண்டு நின்றபோது மாமா கமராவை நீட்டினார்.

"அத்தான், இந்தப் படத்தைப் போடுவம்."

அப்பா திரையைப் பார்த்தார். அவருடைய முகம் ஒரு கணம் இளகியதை நான் கண்டேன். மாமி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தனி?"

"நல்லூர்த் திருவிழா நேரம்."

"ஐயோ! அதுக்குப் பிறகுதானே இவள் பாயிலை விழுந்தவள்!" மாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஊரிலை கிடந்ததுகளைக் கொண்டுபோனது காணாதெண்டு கூடப்பிறந்தவளையும் எடுத்தனியேடா!"

"அக்காதான் கேட்டவ. இதுக்கெண்டுதான் கேட்டவ" என்றார் மாமா.

"செத்தவள் எழும்பி வந்து சொல்லவே போறாள்?"

ஓம், அம்மாதான் கேட்டவ என்று நானும் சொன்னேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்து, சின்னப்பிள்ளை பெரிய ஆக்களின் கதைக்குள் வரக்கூடாது என்றார்கள். முற்றத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். அப்பாவை எனக்குத் தெரிந்து யாரும் கோபக்காரர் என்று சொன்னதில்லை. அன்றைக்கு அவர் விரலை நீட்டி, "அழி" என்று மட்டும் சொன்னார்.

"அத்தான், இது ஒண்டுதான் இருக்கு."

"அழியடா!"

மாமா பொத்தானை அமத்தினார். நிச்சயமாக அழிக்கவா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. அந்த வளவுக்குள் அப்படிக் கேட்டது அந்தக் கமரா மட்டும்தான். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வேலியைப் பார்த்தார். மாமா இன்னொரு தடவை அமத்தினார். காட்டு என்று மாமி வாங்கிப் பார்த்தபோது, அம்மா இருந்த இடத்துக்கு வேறொரு படம் வந்திருந்தது. கம்பியில் இருந்த ஒரு தும்பி.

பனரில் அடையாள அட்டைப் படம்தான் போனது. யுத்த காலத்தில் எடுத்தது. பயந்துபோய், ஏதோ விசாரணைக்குக் கூப்பிட்டு நிறுத்தியதுபோலத் தெரிகிற கண்கள். அதைக் கதவளவுக்குப் பெருப்பித்ததில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறிவிட்டது. சந்தியால் போனவர்கள் எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் மாமா பின்பக்கத்து அறையைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டு வவுனியாவுக்குப் போனார். பிறகு கட்டாருக்கு. என் கலியாணத்துக்கு வந்து, எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்கு வெளியே போய் நின்றார். மாமி அவரிடம் போய்ச் சாப்பிடச் சொன்னார். இரண்டு பேரும் வேறொன்றும் கதைக்கவில்லை.

அப்பா மட்டும், பல வருடங்களுக்குப் பிறகு, வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்த இடத்தில், "அந்தப் படத்திலை அவ எப்பிடி இருந்தவ?" என்று என்னிடம் கேட்டார். தான் சரியாகப் பார்க்கவில்லை என்றார். சிரித்துக்கொண்டு இருந்தவ என்றேன். எப்படிச் சிரித்தவ என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரித்தார் என்பது ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பு ஞாபகம் இல்லை.

அன்றைக்கு மாமா அழித்துவிட்டு நின்றபோது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு அவசரம். திரையில் அந்தத் தும்பியைக் கண்டேனோ இல்லையோ, நான் வீட்டுக்குள் ஓடினேன். ஊர் சொன்னதை எல்லோரையும்விட முழுதாக நம்பியது நான்தான். படம் எடுத்ததால்தான் அம்மா போனார். இப்போது அந்தப் படம் இல்லை.

ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் முழங்கால்களுக்கு நடுவால் புகுந்து அம்மாவின் தலைமாட்டில் போய் இருந்தேன். அவருடைய கண்ணிமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இலையான் வந்து நெற்றியில் இருந்தது, கையால் கலைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர் என் தலையைத் தடவி, "அழு பிள்ளை, அடக்கி வைச்சிருக்காதை, அழு" என்றார்.

எனக்கு அவர்மேல் எரிச்சலாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எழும்பப்போகிற அம்மாவுக்கு முன்னால் இருந்துகொண்டு எதற்காக அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.